நுகர்வோர் கேள்வி-பதில்: பாம்புக்கு எந்தப் பெட்டி?

சென்ற மாதம் மீன் தொட்டி வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சிலர், அதே தொட்டியில் பாம்பை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இத்தனை வீடுகளில் பாம்பு வளர்கிறது என்பதே எனக்குச் செய்தி. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

மூன்றரை அடி நீளமுள்ள பால் பைத்தான் (ball python என்னும் வெளிநாட்டுச் சிறு மலைப்பாம்பு) வைத்திருக்கிறேன். பாம்பு சுருண்டுதானே கிடக்கும், இரண்டடித் தொட்டியே போதும் என்கிறார் மீன் கடைக்காரர். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

வாங்க வேண்டாம். பாம்பு சுருண்டு கிடப்பது ஓய்வில்தான். இருட்டிய பிறகு அது ஊர்ந்து திரியும், உடலை முழுதாக நீட்டிக்கொள்ளவும் செய்யும். வளர்ந்த பால் பைத்தான் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடி வரை இருக்கும் என்பதால், நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள பெட்டியை இப்போதே வாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு மறுபடியும் செலவழிக்க வேண்டியிராது. மீன் தொட்டி மேலே திறப்பது இன்னொரு குறை. பாம்பைத் தூக்கிச் செல்லும் பறவைகள் மேலிருந்துதான் இறங்கும். உங்கள் கையும் அப்படியே இறங்கினால் அது மிரளும். முன்பக்கம் திறக்கும் பெட்டியாகப் பாருங்கள். மூடி முழுவதும் கம்பி வலையாக இருந்தால் ஈரப்பதம் நிற்காது. இந்தப் பாம்புக்கு 55 முதல் 70 விழுக்காடு வரை வேண்டும், குறைந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும். ஒளிந்துகொள்ள இரு முனைகளிலும் ஒவ்வொரு பொந்து தேவை. அதற்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகைக்குப் பணம் கொடுக்காமல், விளிம்பில் வாசல் வெட்டித் தேய்த்து வழவழப்பாக்கிய மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

பெட்டிக்கு முன் ஒன்று: பால் பைத்தான் வைத்திருப்பவர் அதை மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பதிந்தீர்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்குக் கண்ணாடி அலமாரி ஒன்றை வாங்கினேன். தட்டுகளை எடுத்துவிட்டுப் பாம்புப் பெட்டியாக்கலாமா?
– தேவகோட்டை வாசகர்

அலமாரியின் மேல் உங்களுக்குள்ள ஆசை எனக்குப் புரிகிறது. அதே தெருவுக்கு அதே ஆசையோடு நானும் போயிருக்கிறேன். பர்மாத் தேக்கு என்று சத்தியம் செய்து விற்கப்பட்ட அலமாரி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து அடிப்பலகை ஊதிப் பிளந்தபோதுதான் உள்ளே இருந்தது பிளைவுட் என்று தெரிந்தது. உங்களுடையது உண்மையான தேக்காகவே இருக்கட்டும். பழைய கதவுகள் வளைந்து, நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். தலை நுழைந்தால் பாம்பு முழுவதும் நுழைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் பாச்சை உருண்டை போட்டுவைத்த நெடி மரத்தில் ஊறியிருக்கும். புதிதாக வார்னிஷ் அடித்திருந்தால் அந்த வாடையும் சேரும். இரண்டுமே மூடிய இடத்தில் மூச்சுவிடும் உயிருக்கு ஆகாது. அலமாரியில் பித்தளைப் பாத்திரங்களை அடுக்குங்கள். பாம்புக்கு ஈரத்தில் ஊதாத பி.வி.சி. பலகைப் பெட்டி வாங்குங்கள்.

ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகளை வளர்க்கலாமா? துணையாக இருக்குமே.
– கோட்டையூர் வாசகர்

பெட்டிக்கு ஒரு பாம்பு. துணை தேடுவது நீங்கள்தான், அது இல்லை.

இணையத்தில் 'முழு செட்' என்று 9,800 ரூபாய்க்கு விற்றதை வாங்கினேன். கண்ணாடிப் பெட்டி, மின்சாரத்தில் சூடேற்றும் கல், ஒட்டும் வெப்பமானி எல்லாம் இருந்தன. மூன்றாம் வாரத்தில் பாம்பின் வயிற்றுச் செதில்கள் வெந்துவிட்டன. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருப்பதாகச் சொல்லி விற்றவர் கையை விரிக்கிறார்.
– கானாடுகாத்தான் வாசகர்

முதலில் பாம்பைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புண்ணுக்கு நல்லெண்ணெயோ மஞ்சளோ தடவாதீர்கள்.

நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இந்த 'முழு செட்' வியாபாரத்தைப் பற்றி எழுத நெடுநாளாகக் காத்திருந்தேன். சூடேற்றும் கல் எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுடுவதில்லை. ஓரிடம் வெதுவெதுப்பாகவும் ஓரிடம் கொதிக்கவும் செய்யும். வயிறு வேகும் அளவுக்குச் சுட்டாலும் பாம்பு உடனே நகர்ந்துவிடாது, அதன் மேலேயே கிடக்கும். சூட்டைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி. சூடேற்றுவது கல்லானாலும் பாயானாலும் விளக்கானாலும் அது இல்லாமல் எதையும் மின்னிணைப்பில் சொருகக் கூடாது. செட்டில் எது இருக்கிறதோ இல்லையோ, அது மட்டும் இருக்காது, ஏனென்றால் அதைச் சேர்த்தால் விலை ஏறும். அதற்குப் பதிலாக முள் காட்டும் ஒட்டு மீட்டரைத் தருகிறார்கள். என் புத்தக அறைக்கு அப்படி ஒரு ஈரப்பதமானி வாங்கினேன். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அது 60 என்றே காட்டியது. எண்களில் காட்டும், முனையில் கம்பி உணரி உள்ள கருவிகள் இரண்டை வாங்கி, பெட்டியின் இரு முனைகளிலும் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் செட்டுகள் பனி பெய்யும் நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்ட பட்டியலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரியும் மறுமுனையில் 24 முதல் 27 டிகிரியும் வேண்டும். சித்திரை வைகாசியில் நம் வீட்டுக் கூடமே 33 டிகிரியைத் தாண்டிவிடும்போது, அரிதாகக் கிடைப்பது அந்த 27 டிகிரி முனைதான். குளிர்ந்த முனைக்கு எந்தச் செட்டிலும் ஒரு பொருளும் இல்லை. மார்கழி, தை இரவுகளுக்காக வாங்கிய சூட்டுக் கருவி ஆண்டு முழுவதும் எரிந்துகொண்டிருக்கிறது.

இனி உங்கள் பணம். பில்லில் அச்சிட்ட அந்த வரி குறையுள்ள பொருளுக்குக் கேடயமாகாது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. மூன்றாம் வாரம் என்கிறீர்கள். இன்றே எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. கல்லை எறிந்துவிடாதீர்கள். கல், பில், புண்ணின் படம், மருத்துவர் எழுதிய சீட்டு நான்கும் ஒரே பையில் இருக்கட்டும்.

மண்ணுளிப் பாம்பு வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று ஒருவர் விற்க வந்திருக்கிறார். என்ன அளவில் பெட்டி வேண்டும்?
– பள்ளத்தூர் வாசகர்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பெட்டிக்கு அளவெடுப்பதை விட்டுவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

தச்சரிடம் 6,000 ரூபாய் முன்பணம் கொடுத்துப் பெட்டி செய்தேன். நழுவு கண்ணாடிகள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே பாம்பு ஒருமுறை வெளியேறிவிட்டது. ரசீது வாங்கவில்லை. என்ன செய்யலாம்?
– புதுவயல் வாசகர்

ரசீது கேட்டு வாங்குங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. அளவு எழுதிய தாள் இல்லை, ரசீது இல்லை. பாம்பு வெளியேறியதும் தச்சரைத் திட்டுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் பேசிய செய்தியும் பணம் அனுப்பிய குறிப்பும் இருந்தால் அவற்றைக் காட்டிச் சரிசெய்யக் கேளுங்கள். அதுவரை இடைவெளியை ஒட்டு நாடாவால் மூட எண்ணாதீர்கள்; உள்ளே பிசின் பட்டால் பாம்பின் தோல் அதோடு உரிந்து வரும்.

என் பேரன் பதிவுச் சான்றோடு ஒரு பாம்பு வாங்கி வந்திருக்கிறான். பெட்டியை வளவில் வைக்கிறேன் என்கிறான். அப்பத்தா சொன்னால் கேட்க மாட்டான், நீங்கள் சொல்லுங்கள்.
– காரைக்குடி வாசகி

அம்மா, நீங்கள் தயங்குவது சரிதான். வளவு என்பது நம் செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றம், வானம் பார்த்த இடம். நண்பகல் வெயில் கண்ணாடியில் நேராக விழுந்தால் பெட்டி அடுப்பாகிவிடும், மழையில் சாரலும் அடிக்கும். சமையல் நடக்கும் மூன்றாங்கட்டில் அடுப்புப் புகை இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இரண்டாங்கட்டில் மேற்கு வெயில் படாத உள்ளறை இருந்தால், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி பெட்டிக்கும் கிடைக்கும்படி, உயரமான மேசை மேல் வைக்காமல் தாழ்ந்த பலகை மேல் வைக்கச் சொல்லுங்கள். நழுவு கண்ணாடிக்கென்று, பல் வெட்டிய சட்டத்தில் மாட்டும் பல்சட்டப் பூட்டு கடைகளில் கிடைக்கிறது. அதன் இரண்டு சாவிகளில் ஒன்று உங்கள் இடுப்புக் கொத்தில் இருக்கட்டும்.