திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். ஏடிஆர் போன்ற விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டால் கால் மணி நேரக் கணக்குதான். ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்கி வந்து நிற்பது எல்லாம் சேர்ந்தால் அரை மணிக்கு மேல் ஆகும்.

ஆனால் இதெல்லாம் காகிதக் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே நேரடி விமானம் கிடையாது. விமானத்தில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் சென்னை போன்ற ஊருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். சென்னை என்றால் அங்கே போக 610 கிலோமீட்டர், அங்கிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு 530 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. காத்திருப்பையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தூரம் குறைவான சென்னை - தூத்துக்குடிக்குத்தான் ஏடிஆரில் அதிக நேரம் பிடிக்கும், ஒன்றரை மணிக்குக் குறையாது. திருவனந்தபுரத்துக்கு ஜெட் போவதால் ஒன்றேகால் மணி சுமாரில் முடிந்துவிடும். வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை வெறும் 1,350 மீட்டர். ஜெட்டுக்கு அது காணாது. இப்போது 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்திருக்கிறார்கள்.

சரி, நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு உண்மையான கேள்வி வேறு. சொந்தமாக விமான நிலையம் இல்லாத நாம் எந்தப் பக்கம் போவது? நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர், வாகைக்குளம் 110 கிலோமீட்டர் சுமார். தூரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் ஊர்ந்து திருவனந்தபுரம் போக இரண்டு மணி நேரம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி நான்குவழிச் சாலையில் பாளையங்கோட்டை போய்த் தூத்துக்குடி ரோட்டைப் பிடித்தாலும் அதே இரண்டு மணி நேரம்தான். தக்கலைக்கு மேற்கே இருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம், திருவனந்தபுரம்தான். வெளிநாட்டுப் பயணம் என்றாலும் அதுவே. ஆரல்வாய்மொழி பக்கத்துக்காரர் சென்னைக்குப் போவதானால் வாகைக்குளத்தின் டிக்கெட் விலையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

திருவனந்தபுரம் போகிறவர்கள் டிக்கெட்டில் முனையம் டி1 என்று இருக்கிறதா, டி2 என்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். டி1 சங்குமுகம் கடற்கரைப் பக்கம், டி2 சாக்கை பக்கம். நடுவில் ஓடுபாதை கிடப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது, ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். உள்நாட்டு விமானம்தானே, டி1-தான் என்று நினைத்துவிடவும் முடியாது. சில உள்நாட்டு விமானங்கள் டி2-விலிருந்தும் கிளம்புகின்றன. வாடகை வண்டிக்காரர் "சங்குமுகமா, சாக்கையா?" என்று கேட்கும்போது பதில் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், அந்த ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் போகிறது. அன்று சாயங்காலத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு விமானங்கள் எதுவும் இறங்காது, ஏறாது. அந்த மாதங்களில் டிக்கெட் போடும்போது ஆறாட்டு என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.