மழைநீர்க் குழி இருந்தும் டேங்கர் லாரி ஏன்?

கேள்வி: எங்களுடையது 16 வீடுகள். மழைநீர்க் குழி இருக்கிறது. ஆனாலும் அடைமழையில் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் தேங்குகிறது. ஏப்ரல் பிறந்தால் டேங்கர் லாரிக்கு அலைகிறோம். கோளாறு எங்கே?
- வாசகர், அசோக் நகர்

பதில்: முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். ஜல்லியும் மணலும் விளிம்புவரை நிரம்பியிருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் தோண்டிய குழிகள் பல இந்த ரகம்தான். குழியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் கல்லே பிடித்துக்கொள்ளும். இடுக்கில் வண்டல் படிந்துவிட்டால் அள்ளவும் முடியாது.

அடுத்தது மண். பெசன்ட் நகர் மணலுக்கு ஆழமில்லாத குழியே போதும். உங்கள் பக்கம் மேலே களிமண். அதைத் தாண்டி மணல் கலந்த அடுக்கைத் தொட்டாக வேண்டும். 3 அடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை 15 முதல் 20 அடி வரை இறக்குங்கள். உறைகளின் இணைப்பில் சிமென்ட் பூச விடாதீர்கள். அடியில் கான்கிரீட்டும் வேண்டாம். கொத்தனார் பழக்கதோஷத்தில் பூசிவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே எதையும் நிரப்பாமல் காலியாக விடுங்கள். கார் ஏறும் இடமென்றால் மூடி கனமாக இருக்கட்டும். செப்டிக் டேங்க் பக்கமே போக வேண்டாம்.

வேலையை ஜூன், ஜூலையில் முடியுங்கள். உறை இறக்கியதும் 1,000 லிட்டர் ஊற்றிக் கழியால் அளந்து பாருங்கள். சுமார் 5 அடி ஏறும். மறுநாள் காலைக்குள் இறங்காவிட்டால் களிமண் இன்னும் முடியவில்லை என்று பொருள். இதே சோதனையைக் கார்த்திகையில் செய்தால் ஏமாந்துபோவீர்கள். நிலத்தடி நீரே மேலே வந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 3,000 சதுர அடி மொட்டைமாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 14,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றுக்கு மேல். 15 அடி உறைகிணறு ஒரே நேரத்தில் கொள்வதோ 3,000 லிட்டர். அதனால் மாடித் தண்ணீரை வடிகட்டி வழியாகச் சம்ப்புக்கு (தரையடித் தொட்டிக்கு) விடுங்கள். அது நிரம்பி வழிவது கிணற்றுக்குப் போகட்டும். பருவத்தின் முதல் மழை மாடியைக் கழுவிவிடும் மழை. அதை வெளியேற்ற, இறங்கு குழாயில் ஒரு ‘டீ’ (T வடிவ) இணைப்பும் வால்வும் போதும். தரையில் ஓடும் தண்ணீருக்கு கேட்டருகே கம்பிவலையிட்ட வாய்க்கால் வெட்டி, வண்டல் தங்க 2 அடி ஆழத் தொட்டி கட்டி, பிறகு கிணற்றில் சேர்த்துவிடுங்கள். கார் எண்ணெய் சொட்டும் தண்ணீரை நேராக ஆழ்துளைக் கிணற்றுக்குள் விடுவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் காசு. அசோசியேஷன் கூட்டமே சண்டையாகிவிட்டது. மீட்டர் போடலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: போடலாம். வாங்குமுன் வீட்டுக்குள் எத்தனை குழாய் வருகிறது என்று எண்ணுங்கள். பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று மாடித் தொட்டியிலிருந்து தனித்தனியாக இறங்கும். அப்படியானால் இரண்டு குளியலறை உள்ள வீட்டுக்கு மூன்று மீட்டர்; செலவும் மூன்று மடங்கு. மீட்டருக்கு முன் சல்லடை இல்லாவிட்டால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் மணல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். மேல்மாடியில் அழுத்தம் குறைவு. மெல்லிய ஓட்டத்தைச் சக்கர மீட்டர் சரியாக எண்ணாது, அந்த வீட்டு பில் குறைந்தே வரும். இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பம்ப், மின்சாரச் செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகவும் தண்ணீரை மட்டும் அளவுப்படியும் பிரித்தால் சச்சரவு குறையும்.

கேள்வி: காய்கறிக் கழிவை மக்கவைக்கும் உரத் தொட்டி நாறுகிறது. கீழ்வீட்டார் புகார் சொல்கிறார்கள்.
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: ஈரம் அதிகம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் காய்ந்த இலையோ தென்னைநார்க் கழிவோ போதவில்லை. ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு ஒரு வாளி சருகு போட்டு, வாரம் இருமுறை அடிவரை கிளறுங்கள். மிச்சமான சாம்பாரை வடித்த பிறகே கொட்டச் சொல்லுங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அடைத்திருக்கும்.