பதில்: ஆவணக் காப்பகத்தில் எங்கள் ஊர்ப் பெயரே இல்லை என்கிறார்கள்

வணக்கம் நண்பரே. சாத்தூர் தாலுகா ஊர், 1890களின் கோயில் தகராறு, எழும்பூர் காப்பகத்தில் விருதுநகர் மாவட்டம் என்று கேட்டும் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கிடைக்காதுதான். விருதுநகர் மாவட்டம் வந்ததே 1985இல். அதற்குமுன் ராமநாதபுரம், அதுவும் 1910இல் உருவானது. நீங்கள் தேடும் காலத்தில் சாத்தூர் திருநெல்வேலி ஜில்லா. அந்தப் பெயரில் கேளுங்கள்.

ஊர்ப் பெயரை வைத்துத் தேடுவதையும் விடுங்கள். கோப்புகள் துறை, ஆண்டு, அரசாணை எண் என்றுதான் அடுக்கப்பட்டிருக்கும். கலவரம், வழக்கு என்றால் நீதித்துறை. நிலம், வரி என்றால் வருவாய்த்துறை. முதலில் அந்தந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியைப் புரட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் ஆணையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆணை பெரும்பாலும் ஒரே வரி, 'தலையிட முகாந்திரமில்லை' என்கிற ரகம். பின்னால் இணைத்திருக்கும் மனுக்களில்தான் சரக்கு: யார் கையெழுத்திட்டார்கள், யார் கைநாட்டு வைத்தார்கள், தங்கள் சாதியை எப்படி எழுதிக்கொண்டார்கள் என்பதெல்லாம். கலெக்டர் குறிப்பை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், அவருக்குச் சொன்னது உள்ளூர்ப் பெரியமனிதர்களாக இருக்கும்.

நிலப் பதிவேட்டில் பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) வந்தால் 590 கூட்டுங்கள், அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.