சொந்தக் கட்டோடு போட்டிக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் அட்டை விளையாட்டைப் பற்றியவை. அறியாதவர்களுக்கு ஒரு வரி: ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து 1993-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில், ரம்மியைப் போல எல்லோருக்கும் பொதுவான சீட்டுக்கட்டு கிடையாது, ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து அவரவர் பொறுக்கியெடுத்து அமைத்த கட்டோடு வந்து, எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகளைத் தீர்த்துக்கட்ட வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் கல்லூரியில் படிக்கிறேன். இரண்டு மாதமாக யோசித்து நானே ஒரு கட்டு அமைத்திருக்கிறேன். அருகிலுள்ள கடையில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் போட்டிக்கு அதை எடுத்துப்போக ஆசை. நண்பர்களோ, “வென்ற கட்டுகளின் பட்டியல்தான் எல்லோருக்கும் கிடைக்கிறதே, அதையே வாங்கிவிடு, இல்லாவிட்டால் அவமானப்பட்டுத் திரும்புவாய்” என்கிறார்கள். எது சரி?

பதில்: எடுத்துப்போங்கள். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். வெளியான பட்டியல் ஒவ்வொன்றும் பல நூறு பேர் கையில் அடிபட்டு, வேண்டாத அட்டை உதிர்ந்து, தேறி வந்தது. உங்கள் கட்டு இதுவரை உங்கள் மேசையைத் தாண்டியதில்லை. அந்த இடைவெளியை அடைப்பதற்கான வழி, பிறர் கவனிக்காத ஒன்றை நீங்கள் கவனித்திருப்பதுதான். பிடித்த அட்டைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்ப்பதால் அது நடக்காது.

1996-இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் ஒரு சிவப்புக் கட்டோடு இரண்டாம் இடம் வரை போனார். கட்டை அமைத்தவர் ஜே ஷ்னைடர். அதில் இருந்த ‘அயர்ன்கிளா ஆர்க்ஸ்’ போன்ற அட்டைகளைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். தன்னளவு வலிமையுள்ள எதிரியைக்கூடத் தடுக்க முடியாத ஒரு கோழைப் படை அது. ஆனால் அந்தக் கட்டின் கணக்கு வேறு. முதல் முறையில் ஒரு மானாவுக்குரிய அட்டை (மானா என்பது அட்டையை இறக்கச் செலவாகும் சக்தி), இரண்டாம் முறையில் இரண்டு மானாவுக்குரியது என்று, கிடைக்கும் சக்தியில் ஒரு துளியும் வீணாகாதபடி அடுக்கப்பட்டிருந்தது. எதிராளி தன் பெரிய அட்டையை இறக்கக் காத்திருக்கும்போதே அவர் உயிர்ப்புள்ளி பாதியாகியிருக்கும். இன்று எல்லோரும் பேசும் ‘மானா கர்வ்’ என்ற சிந்தனை பரவியதில் அந்தக் கட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்லையின் பெயரே அந்த வகைக் கட்டுகளுக்கு நிலைத்தும் விட்டது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த கதை. ‘லேன்டர்ன் ஆஃப் இன்சைட்’ என்பது 2004-இல் வந்து, பல ஆண்டுகள் யாரும் சீந்தாமல் கிடந்த அட்டை. இருவர் கட்டிலும் மேலே உள்ள அட்டையைத் திறந்து காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. அதனோடு, மேலட்டையைக் கழிவுக் குவியலுக்குத் தள்ளும் ‘கோடெக்ஸ் ஷ்ரெடர்’ போன்ற மலிவான கருவிகளைச் சேர்த்தார்கள். எதிராளி எடுக்கப்போவது நல்ல அட்டை என்று தெரிந்தால் தள்ளிவிடலாம், உதவாக்கரை என்றால் விட்டுவிடலாம். தப்பி வரும் உயிரினங்களுக்கு ‘என்ஸ்னேரிங் பிரிட்ஜ்’ காவல்: அதை இறக்கியவர் கையில் உள்ள அட்டைகளின் எண்ணிக்கையைவிட வலிமை மிகுந்த எதுவும் தாக்க முடியாது, ஆகவே கை காலியானால் தாக்குதலே நின்றுபோகும். எதிரே அமர்ந்தவருக்குத் தன் துருப்புச்சீட்டு கண்ணெதிரே வருவதும் தெரியும், அது போவதும் தெரியும். இந்தக் கட்டோடு ஸாக் எல்சிக் 2015-இல் ஓக்லஹோமா சிட்டி கிராண்ட் பிரீ என்ற பெரிய போட்டியை வென்றார். 2018-இல் பில்பாவோவில் நடந்த புரோ டூர் என்ற உயர்நிலைப் போட்டியை லூயிஸ் சல்வாட்டோ வென்றதும் இந்த வகைக் கட்டால்தான்.

ஆகவே புறப்படுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். “என் கட்டு இன்ன முறையில், இன்ன வழியில் வெல்கிறது” என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? “எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்யும்” என்பதுதான் விடை என்றால் இன்னும் இரண்டு வாரம் வீட்டிலேயே ஆடுங்கள். சொல்ல முடிந்தால், அடுத்ததாக அந்தக் கடைக்கு வழக்கமாக வரும் கட்டுகள் எவை என்று ஒரு வெள்ளிக்கிழமை சும்மா போய்ப் பார்த்து வாருங்கள். சைட்போர்டு எனப்படும், ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் 15 அட்டைகளை அவற்றை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்தக் கட்டு அமைப்பவர்களில் பெரும்பாலோர் இந்த 15-ஐக் கடைசி இரவில் கைக்கு வந்ததைக் கொண்டு நிரப்பிவிட்டு, பிறகு வருந்துகிறார்கள். புதுமை தரும் அதிர்ச்சி முதல் ஆட்டத்துக்குத்தான் உதவும். இரண்டாவது ஆட்டத்தில் எதிராளி விழித்துக்கொள்வார்.

கேள்வி: என் 60 அட்டைகளில் 20 மட்டுமே மானா தரும் லேண்ட். நல்ல அட்டைகளை எடுக்க மனம் வரவில்லை. பல ஆட்டங்களில் ஒற்றை லேண்டோடு கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். என் ராசி அப்படியா?

பதில்: ராசியை ஏன் இழுக்கிறீர்கள்? கணக்கே போதும். 60-இல் 20 லேண்ட் இருந்தால், முதலில் எடுக்கும் ஏழு அட்டைகளில் ஒன்றோ, அதுவும் இல்லாமலோ வரும் வாய்ப்பு ஏறத்தாழ 25 சதவீதம். அதாவது நான்கு ஆட்டத்தில் ஒன்று. அதையே 24 ஆக்கினால் 14 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஏழில் ஒன்றுதான். நான்கு அட்டைகளைத் தியாகம் செய்தால் கிடைக்கும் லாபம் இது. ஸ்லை வகையைப் போல ஒன்று, இரண்டு மானாவிலேயே வேலை முடிக்கும் கட்டுக்கு 20 போதுமானதாக இருக்கலாம். ஐந்து மானா அட்டைகளை ஆறேழு வைத்துக்கொண்டு 20 லேண்டோடு கிளம்புவது, படகில்லாமல் மீன்பிடிக்கப் போவது போல.

முதல் கை மோசமாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. 2019 முதல் உள்ள விதிப்படி மீண்டும் ஏழு அட்டை எடுத்து, எத்தனை முறை மாற்றினீர்களோ அத்தனை அட்டைகளைக் கட்டின் அடியில் வைத்துவிடலாம். ஒற்றை லேண்ட் கையை ‘அடுத்தது வந்துவிடும்’ என்று வைத்துக்கொள்பவர்தான் முதல் போட்டியில் முதலில் தோற்பவர்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் ஆடியே பழகியவர்களிடம் இது அதிகம். லேண்டுகளை மற்ற அட்டைகளுக்கு இடையில் ஒன்றுவிட்டு ஒன்று செருகிவிட்டு லேசாகக் கலைப்பது. நன்றாகக் கலைத்தால் அந்தச் செருகல் வீண். கலைக்காவிட்டால் அது ஏமாற்று. 52 சீட்டுகள் கொண்ட கட்டு நன்கு கலைய ஏழு முறை இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று கோக்க வேண்டும் என்று பெர்சி டயகோனிஸும் டேவிட் பேயரும் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். உங்களுடையது 60. பிறகு எதிராளியிடம் வெட்டவோ கலைக்கவோ நீட்டுங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த அட்டைகளை வீட்டிலேயே அச்சடித்து உறையில் போட்டுப் போட்டியில் ஆடலாமா? எல்லோரும் இதையும் ‘சொந்தக் கட்டு’ என்கிறார்களே.

பதில்: அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் கூடாது. ஆட்டத்தின் நடுவே அட்டை சேதமானால், அதற்கு மாற்றாக ஒன்றை எழுதித் தரும் உரிமை நடுவருக்கு மட்டுமே உண்டு. நண்பர்கள் மேசையில், முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடுவதை யாரும் தடுக்கவில்லை. புதிய யோசனையைச் சோதித்துப் பார்க்க நானும் பழைய அட்டைமேல் காகிதத் துண்டு செருகித்தான் ஆடுகிறேன். செலவுதான் கவலை என்றால் ‘பாப்பர்’ என்ற வடிவத்தைப் பாருங்கள். காமன் என்ற எளிய வகையில் எப்போதாவது அச்சான அட்டைகளுக்கு மட்டுமே அதில் இடம், ஆகவே பெரும்பாலும் பணத்தைவிட யோசனைக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: கோலாலம்பூரில் வசிக்கும் தாய் நான். பதினைந்து வயது மகன் தானே அமைத்த கட்டோடு போட்டிக்குப் போக அனுமதி கேட்கிறான். சீட்டாட்டம் என்றாலே என் மாமியார் முகம் சுளிக்கிறார். இது சூதாட்டமா?

பதில்: மேசையில் பணம் வைத்து ஆடுவதில்லை அம்மா, நுழைவுக் கட்டணம் கட்டி, வென்றால் பரிசு பெறும் சதுரங்கப் போட்டி போலத்தான். உங்கள் மாமியாரின் சந்தேகத்துக்கு இடம் வேறோர் இடத்தில் இருக்கிறது. மூடிய உறைப் பொட்டலங்களில் எந்த அரிய அட்டை இருக்கும் என்று தெரியாது. ‘இன்னும் ஒரு பொட்டலம்’ என்ற ஆசை அங்கேதான் பிறக்கும். தன் கட்டுக்கு வேண்டிய அட்டையை உதிரியாக, விலை பார்த்து வாங்கச் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதி வைத்திருக்கும் பிள்ளை பொட்டலம் பிரிப்பது குறைவு. கூடவே ஒரு நாள் நீங்களும் போய் உட்கார்ந்து பாருங்களேன்.

கேள்வி: முதல் பெரிய போட்டிக்குப் போகிறேன், சொந்தக் கட்டுதான். ஒரு சுற்றில் தோற்றால் வெளியே அனுப்பிவிடுவார்களா? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: அனுப்பமாட்டார்கள். ஸ்விஸ் முறையில் வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. ஒரே அளவு புள்ளி உள்ளவர்களை எதிரெதிரே அமர்த்துவார்கள். ஒவ்வொரு சுற்றும் மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்வது, வழக்கமாக 50 நிமிடம். சொந்தக் கட்டுக்காரர்கள் அடிபடும் இடம் இந்த நேரம்தான்: நீங்கள் இறக்கிய அட்டைகளை எதிராளி எடுத்து வாசித்துப் பார்ப்பார், அது அவர் உரிமை, அதற்கும் நிமிடங்கள் கரையும். உங்கள் வழக்கமான நகர்வுகள் யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகியிருங்கள். ஐயம் வந்தால் கையை உயர்த்தி நடுவரை அழையுங்கள். அழைத்தால் எதிராளி தவறாக நினைப்பாரோ என்று தயங்காதீர்கள், பழகியவர்கள்தான் அதிகம் அழைப்பார்கள்.

கட்டுப் பட்டியலை எழுதிக் கொடுப்பது பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு போட்டிக்கு முதல் நாள் இரவு ஒரு மணிக்கு, தூக்கம் வராமல், இரண்டு அட்டைகளை எடுத்துவிட்டு வேறு இரண்டைச் செருகினேன். காலையில் பட்டியலைப் பழைய நினைவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் சுற்றில் நடுவர் கட்டை வாங்கிப் போய் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஓர் அட்டைகூட இறக்காமலே ஓர் ஆட்டத்தை இழந்திருந்தேன். அந்த இரண்டு அட்டைகளும் அன்று முழுவதும் என் கைக்கு வரவேயில்லை என்பது வேறு விஷயம்.

அதனால் இரவில் மாற்றாதீர்கள்; மாற்றினால் பட்டியலைக் கட்டைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். முதன்மை 60, சைட்போர்டு 15 என்று இரண்டு முறை எண்ணுங்கள். உறைகள் 75-க்கும் ஒரே பெட்டியிலிருந்து புதிதாக இருக்கட்டும். புதிதாகச் சேர்த்த நான்கு அட்டைக்கு மட்டும் பளபளப்பான உறை போட்டிருந்தால், அவை எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியாவிட்டாலும், அடையாளமிட்ட அட்டைகள் என்றே நடுவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.