திருமணமாகாத உறவிலும் பாதுகாப்பு ஆணை கிடைக்குமா?

கேள்வி: டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். மகனும் மருமகளும் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்ப்பதால், 16 வயதுப் பேத்தி என்னோடு இருந்து படிக்கிறாள். ஓராண்டாக 19 வயது இளைஞன் ஒருவனோடு பழகுகிறாள். தொடக்கத்தில் அன்பாக இருந்தவன், இப்போது அவளுடைய கைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கியிருக்கிறான். எந்நேரமும் எங்கே இருக்கிறாள் என்று காட்டச் சொல்கிறான். அத்தை மகனிடம் பேசினாலும் சண்டை. போன மாதம் காரில் வைத்துக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். விலக நினைத்தால் தற்கொலை செய்துகொள்வதாகவும், அவளுடைய அந்தரங்கப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போவதாகவும் மிரட்டுகிறான். "ஆயா, அப்பாவிடம் சொல்லாதே" என்று அழுகிறாள். நான் சொல்லிவிட்டேன். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று சொல்லும் மகன், அவன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசி எழுதி வாங்கிக்கொண்டு, கைபேசியைப் பிடுங்கிவிட்டு அவளை ஜோஹன்னஸ்பர்க்குக் கூட்டிப்போகலாம் என்கிறான். இருவரும் கணவன் மனைவி இல்லையே, சட்டம் இதில் என்ன செய்யும்?

பதில்: மதிப்பிற்குரிய அம்மா, பேத்தி முதலில் உங்களிடம் வாய் திறந்திருக்கிறாள். அந்த நம்பிக்கை குலையாமல் அடுத்த காரியங்களைச் செய்ய வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதன்று. நிச்சயம் செய்துகொண்டவர்களும், காதலர்களாகப் பழகுகிறவர்களும், அந்தப் பழக்கம் எவ்வளவு குறுகிய காலத்தது ஆனாலும், ஒரே கூரையின் கீழ் வாழாதவர்களானாலும், அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். 2021இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அடி உதை இல்லாத கொடுமைகளையும் தெளிவாக வரையறுத்தது. ஒருவரை உற்றார் உறவினரிடமிருந்து பிரிப்பது, அன்றாட நடமாட்டத்தைத் தன் விருப்பப்படி ஆட்டிவைப்பது, தப்பிச் செல்லும் வழிகளை அடைப்பது ஆகியவை கட்டுப்படுத்தும் நடத்தை என்ற பெயரில் குடும்ப வன்முறையாகவே கருதப்படுகின்றன. கடவுச்சொல்லும் இருப்பிடக் கண்காணிப்பும் உறவினரோடு பேசத் தடையும் ஒன்றாகச் சேரும்போது, அறை விழுவதற்கு முன்பே அவன் சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிட்டான். இளம் பெண்கள் பலர் இவற்றை ஆழமான அன்பின் அடையாளமாக எண்ணிப் பொறுத்துக்கொள்வதால், இதை உங்கள் பேத்தியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

தற்கொலை மிரட்டலைப் பற்றியும் அவளிடம் பேச வேண்டும். அவன் உண்மையிலேயே ஆபத்தில் இருந்தால் அவனுடைய வீட்டாருக்கோ காவல்துறைக்கோ தெரிவித்துவிடலாம்; அவனுடைய உயிருக்கு 16 வயதுப் பெண் பொறுப்பாக முடியாது. விலகவிடாமல் தடுக்க அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது மனரீதியான கொடுமையே.

பாதுகாப்பு ஆணைக்கு, 18 வயது நிறையாத பிள்ளை பெற்றோரின் துணையின்றித் தானே விண்ணப்பிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அவளுக்காக நீங்களும் விண்ணப்பிக்கலாம்; உங்கள் மகனின் ஒப்புதல் கட்டாயமில்லை. ஆயினும் அவளே முன்வந்து கையெழுத்திடுவதைத்தான் நான் விரும்புவேன். அவனிடம் தன் முடிவுகளை எல்லாம் இழந்து நிற்கும் பெண்ணுக்கு, நீதிமன்றத்திலாவது தன் சொல் செல்லும் என்று தெரியட்டும்.

சாட்ஸ்வர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குச் சென்றால் எழுத்தர் படிவம் தருவார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நடந்தவற்றைத் தேதி, இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றோடு பிரமாண வாக்குமூலமாக எழுத வேண்டும். "என்னைக் கொடுமைப்படுத்துகிறான்" என்ற பொதுவான வரியைவிட, "இந்த நாளில், பள்ளிக்கு வெளியே, காருக்குள், இடது கன்னத்தில் அறைந்தான்" என்ற வரிக்கே மாஜிஸ்திரேட் எடை தருவார். முதல் பார்வையில் போதிய காரணம் இருப்பதாக அவருக்குத் தோன்றினால், அவனை அழைக்காமலேயே இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். அந்த ஆணை அவனுக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகே உயிர் பெறும் என்பதால், அவன் வேலை செய்யுமிடம், காரின் எண், வீட்டு முகவரி ஆகியவற்றைத் துல்லியமாகக் கொடுங்கள். அவளை அணுகக்கூடாது, பிறரை ஏவிவிடக்கூடாது, பள்ளிப் பக்கம் வரக்கூடாது போன்ற நிபந்தனைகளையும் கேட்டுப் பெறலாம்.

இங்கேதான் உங்கள் மகனின் யோசனை தவறுகிறது. பெரியவர்கள் கூடி எழுதி வாங்கும் தாளை அவன் மீறினால், அந்த மீறலுக்காகக் காவலர் எவரும் அவனைக் கைது செய்ய முடியாது. நீதிமன்ற ஆணையோடு, நிறுத்திவைக்கப்பட்ட கைது வாரண்டும் சேர்ந்தே வருகிறது; ஆணையை மீறினால் அதைக் காட்டிப் புகார் கொடுக்கலாம், மீறலுக்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். அந்த ஆணை நாடு முழுவதும் செல்லும். ஜோஹன்னஸ்பர்க்குக்கு அனுப்பினால் பள்ளியும் தோழிகளும் நீங்களும் அவளுக்கு இல்லாமல் போவீர்கள், அவனுடைய கைபேசியோ அங்கேயும் எட்டும். குற்றம் செய்தவன் வீட்டிலிருக்க, அடி வாங்கியவள் ஊரைவிட்டுப் போவது எனக்கு ஏற்கவே முடியாத தீர்வு.

கைபேசியைப் பிடுங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சாட்சியம் அதில்தான் இருக்கிறது. செய்திகளை அழிக்காமல், மிரட்டல் வந்த பக்கங்களைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கைபேசியிலிருந்து மாற்றுங்கள்.

அந்தரங்கப் படத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் அத்தகைய படம் குழந்தை ஆபாசப் படமாகக் கருதப்படக்கூடும் என்பதால், அதை அவன் வைத்திருப்பதே குற்றமாகலாம், பரப்புவது அதனினும் பெரிய குற்றம். அதே காரணத்தால், "பாருங்கள், இதுதான் ஆதாரம்" என்று நீங்களோ உங்கள் மகனோ எவருக்கும் அதை அனுப்பவோ நகலெடுக்கவோ கூடாது. காவல்துறையின் குடும்ப வன்முறை, குழந்தைப் பாதுகாப்பு, பாலியல் குற்றப் பிரிவினரிடம் கைபேசியை நேரில் காட்டுங்கள். வாக்குமூலம் கொடுக்கும் முன், கட்டணமின்றி உதவும் சட்ட உதவி நிறுவனமான லீகல் எய்டின் வழக்கறிஞரை ஒருமுறை கலந்தாலோசியுங்கள்; அதன் எண் 0800 110 110.

இன்னொன்றை மென்மையாகக் கேட்டறிய வேண்டும். அவளுக்கு 16 வயது நிறைவதற்கு முன்பே இருவருக்கும் உடலுறவு இருந்திருந்தால், அவன் அப்போதே வயது வந்தவனாகவோ இரண்டு ஆண்டுக்கு மேல் மூத்தவனாகவோ இருந்தபடியால், அவளுடைய சம்மதம் அவனைக் காப்பாற்றாது. எந்த வயதிலும் வற்புறுத்தல் இருந்திருந்தால் அது வேறு குற்றம். அதைச் சொல்லும் பொறுப்பைப் பாட்டியிடம் சுமத்தாமல், சமூகப் பணியாளரிடம் அவள் பேசுவது நல்லது. குழந்தைகளுக்கான உதவி எண் 116. பாலினம் சார்ந்த வன்முறைக்கான உதவி மையம் 0800 428 428.

நீங்கள் மௌனமாக இருப்பதற்கும் சட்டம் இடம் தரவில்லை. பிள்ளைமீது குடும்ப வன்முறை நடந்ததாக அறிந்த, அல்லது நியாயமாகச் சந்தேகிக்கும் வயது வந்தவர், சமூகப் பணியாளரிடமோ காவல்துறையிடமோ உடனே தெரிவிக்க வேண்டும்; தவறினால் அவர்மீதே வழக்கு வரலாம். இந்தக் கடமை உங்களுக்கும், இப்போது உங்கள் மகனுக்கும் உண்டு. அறிவிக்கப் போவதைப் பேத்தியிடம் முன்கூட்டியே சொல்லி, அவளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இடைக்கால ஆணை கிடைத்தபின் அவன் அழுது மன்னிப்புக் கேட்பான், அவள் மனமிளகவும் கூடும். அப்படி நேர்ந்தால் திட்டாதீர்கள். ஆணையை ரத்துசெய்ய அவள் விண்ணப்பித்தாலும், அது அவளுடைய சொந்த விருப்பம்தானா என்று நீதிமன்றம் விசாரித்த பிறகே முடிவு செய்யும். எனவே ஆணையில் குறித்த விசாரணை நாளன்று அவளோடு நீங்களும் செல்லுங்கள். ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகலைப் பள்ளி முதல்வரிடமும், வாரண்டோடு சேர்த்து இன்னொன்றை உங்கள் கைப்பையிலும் வையுங்கள்.