வகுப்பறைப் புத்தக மூலைக்கு ‘செட்’ வாங்கலாமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் தரம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 31 பிள்ளைகள். பழைய மாணவர் ஒருவர் வகுப்புக்குப் புத்தக மூலை அமைக்க 30,000 ரூபா தந்திருக்கிறார். எல்லா வகைப் பிள்ளைகளும் தங்களைக் காணக்கூடிய புத்தகங்கள் வேண்டும் என்பது அவர் விருப்பம். இதைக் கேள்விப்பட்டு ஒரு புத்தக ஏஜென்ட் வந்தார். ‘பல்லினச் சிறுவர் நூல் செட்’, 100 புத்தகம், 30,000 ரூபா என்கிறார். அவருடைய துண்டுப்பிரசுரத்தில் ‘கண்ணாடியும் யன்னலும்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. திங்கட்கிழமை பெட்டியோடு வருவாராம். வாங்கலாமா? வீட்டில் நான்கு வயது மகளும் இருக்கிறாள். அவளுக்கு எதைத் தெரிவு செய்வது?

பதில்: வாங்கவேண்டாம், டீச்சர்.

உங்கள் கையில் 30,000 இருக்கிறது, அவருடைய செட்டும் 30,000. கொழுந்து நிறுக்கும்போதுகூட முள் இவ்வளவு சரியாக வந்து நிற்காது. உங்களிடம் 45,000 இருந்திருந்தால் 150 புத்தகச் செட் ஒன்று வந்திருக்கும்.

இந்தச் செட் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். மேலே பத்துப் பன்னிரண்டு நல்ல புத்தகம். அதற்குக் கீழே வருடக்கணக்காக விற்காமல் கிடந்தவை. எல்லாவற்றையும் சேர்த்து பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, அட்டையில் நாலு நிறத்துப் பிள்ளைகள் கைகோர்த்து நிற்கிற படம் ஒட்டினால் ‘பல்லினம்’. ஒரு பாடசாலையில் இப்படி வந்த பெட்டியைப் பிரிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அறுபது புத்தகத்தில் பதினொன்று வர்ணம் தீட்டும் கொப்பி. ஒரே நரிக் கதை மூன்று வேறு தலைப்பில். எட்டாம் தரத்துக்கான பொது அறிவு நூல் இரண்டு. கணினியில் மொழிபெயர்த்த ஒரு படக்கதையில், குரைக்கிற நாயின் படத்துக்குக் கீழே ‘நாய் மரப்பட்டை செய்தது’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் ‘பார்க்’ என்றால் குரைப்பதும்தான், மரப்பட்டையும்தான். பிள்ளைகள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பெட்டியால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

பாடசாலைப் பணம் என்றால் மூன்று விலைமனு கேட்பார்கள். மூன்றையும் ஏஜென்டே கொண்டுவருவார். மூன்று வேறு தலைப்புத்தாள், மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. கொமிஷன் யாருக்குப் போகிறது என்று நான் எழுதத் தேவையில்லை. உங்களுடையது நன்கொடைப் பணம், அதனால் இந்தச் சுற்றுக்குள் போகவேண்டியதில்லை. அதிபரிடம் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

சரி, அந்தக் கண்ணாடியும் யன்னலும். அது ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990இல் எழுதியது. பிள்ளை தன்னைத் தானே காண்கிற புத்தகம் கண்ணாடி, அடுத்தவர் வாழ்வைப் பார்க்கிற புத்தகம் யன்னல். மூன்றாவதாக, திறந்துகொண்டு உள்ளே போகிற கண்ணாடிக் கதவையும் அவர் சொன்னார். துண்டுப்பிரசுரக்காரர்கள் அதை விட்டுவிடுவார்கள். அவர் முதலில் மனதில் வைத்தது தங்கள் நாட்டுப் புத்தகங்களில் தங்களைக் காணாத கறுப்பினப் பிள்ளைகளை. அதற்கு 25 வருடம் முன்பு, 1965இல், நான்சி லாரிக் என்பவர் மூன்று வருடத்தில் அங்கே வெளியான 5,206 சிறுவர் நூல்களைப் பார்த்து, கறுப்பினத்தவர் ஒருவராவது வருகிற நூல் நூற்றுக்கு ஏழுகூட இல்லை என்று காட்டியிருந்தார். நீங்களும் ஒருநாள் இடைவேளையில் பாடசாலை அலுமாரியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வசிக்கிற பிள்ளை எத்தனை கதையில் வருகிறாள்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் யன்னலே இல்லாமல் வளர்ந்த பரம்பரைக்கு இந்த உவமை கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கும், அது வேறு கதை.

கண்ணாடி என்றதும் எல்லாரும் கூடை சுமக்கிற அம்மாவின் படத்தைத் தேடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு வகுப்பில் அப்படி ஒரு புத்தகத்தை வாசித்துக்காட்டினேன். பளபளப்பான தாள், பச்சை மலை, பூ வைத்த பெண் சிரித்தபடி கொழுந்து எடுக்கிறாள். முன்வரிசைப் பையன் ஒருவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: “மிஸ், இவங்க படங்கு கட்டலையே, சேல நனஞ்சிராதா?” அந்தப் படத்தை வரைந்தவர் தூரத்தில் ரயிலில் இருந்துதான் மலையைப் பார்த்திருக்கிறார். பல தோட்டங்களில் கூடை போய்ப் பை வந்துவிட்டது என்பதும், காலில் அட்டை கடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: குடிக்கிற அப்பா, அழுகிற அம்மா, பசித்த பிள்ளை, கடைசிப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்து உதவுகிற நல்ல மனிதர். இதையும் வாங்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளை ஒரு கதையில் தொலைந்த பென்சிலைத் தேடவேண்டும், தம்பியோடு சண்டை பிடிக்கவேண்டும், ஏதாவது ஒன்றைத் தன் மூளையால் கண்டுபிடிக்கவேண்டும். லயம் அந்தக் கதைக்குப் பின்னால் சும்மா இருந்தால் போதும்.

கடையில் நின்று பார்க்கும்போது என் கண் முதலில் போவது, பிரச்சினையை யார் தீர்க்கிறார் என்பதில். அடுத்தது கெட்டவன் என்ன நிறம். நம் படக்கதைகளில் திருடனும் பூதமும் கறுப்பு, ராஜகுமாரி வெள்ளை. உங்கள் வகுப்பில் யார் என்ன நிறம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்பா வேலைக்குப் போக அம்மா வீட்டில் சமைக்கிற குடும்பம் எல்லாக் கதையிலும் வருகிறதா என்றும் பாருங்கள். உங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மா விடியற்காலையிலேயே, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்குப் போய்விடுகிறார். சிலருடைய அம்மா குவைத்தில், வீட்டில் பாட்டி மட்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை வருகிற கதையில், அவன் எல்லாருக்கும் பாடம் புகட்டிவிட்டுப் போவதற்காக மட்டும் வந்திருந்தால் மூடி வைத்துவிடுங்கள். யன்னல் புத்தகங்களில் ஒரு பொறி உண்டு: அடுத்த சமூகத்துப் பிள்ளை பெருநாளன்று மட்டும் வருவது. ரம்ஸானுக்கு வட்டிலப்பம் கொண்டுவருகிற முஸ்லிம் சிறுமி, வெசாக் கூடு கட்டுகிற சிங்களப் பையன், அப்புறம் அடுத்த வருடம்வரை இருவரையும் காணோம். டவுன் கடைக்காரரின் மகள் மழையில் சப்பாத்தை நனைத்துக்கொள்கிற கதைதான் எனக்கு வேண்டும்.

பின்னட்டையில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும், 978இல் தொடங்கும். அதற்கு அடுத்து 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் பதிப்பு. 81 அல்லது 93 என்றால் இந்தியப் பதிப்பு. ‘நம் நாட்டு நூல்’ என்று சொல்லி விற்பவரைப் பிடிக்க இது போதும். இந்தியப் புத்தகம் மூன்றாம் தரத்துக்குச் சரிவராது. நம் பிள்ளை கொப்பி என்பதை அது நோட்டு என்கிறது, சப்பாத்தை ஷூ என்கிறது, அதிபரைத் தலைமை ஆசிரியர் என்கிறது. தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு கல்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. யாராவது கட்டாயம் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இழிசொல் வருகிற புத்தகத்தை வகுப்புக்குள் விடாதீர்கள் என்பது என் விதி. அதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. தோட்டத்து மக்களை இழிவாகச் சொல்கிற ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை உங்கள் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில், கடையில், சில நேரம் டவுன் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும். ஒரு கதையில் அந்தச் சொல் வந்து, அதைக் கேட்கிற பிள்ளையின் பக்கம் நின்று கதை நகருமானால், அந்தப் புத்தகத்தை வாங்கலாம். ஆனால் புத்தக மூலையில் வைக்கக் கூடாது. உங்கள் மேசையில் இருக்கட்டும், நீங்கள்தான் வாசிக்கவேண்டும். முதலாம் தவணையில் வேண்டாம், பிள்ளைகள் உங்களோடு பழகட்டும். சொல்லைச் சொன்னவனுக்குக் கதைக்குள் ஏதாவது பதில் இருக்கவேண்டும், அது அறிவுரையாக இருக்கக் கூடாது. கேட்ட பிள்ளை கடைசியில் அவனை மன்னித்துக் கட்டிப்பிடிக்கிற கதையாக இருந்தால் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வாசித்து முடித்தபின் ‘யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கிறது, கை தூக்குங்கள்’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு பயிற்சி வகுப்பில் ஓர் இளம் ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் அப்படிச் செய்தார். கை தூக்காமல் தலையைக் குனிந்துகொண்ட பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பேச விரும்புகிறவன் இடைவேளையில் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து சும்மா நிற்பான். அப்போது பேசினால் போதும். இதே விதிவிலக்கு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற சாதிப் பேச்சுக்கும் பொருந்தும். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எட்டு வயதுக்கே தெரியும்.

பணத்துக்கு வருவோம். நூறு புத்தகம் உங்களுக்கு எதற்கு? 31 பிள்ளைக்கு நல்ல புத்தகம் நாற்பது போதும், ஆளுக்கொன்று போக மாற்றி எடுக்க மிச்சமும் இருக்கும். முதலில் பாதிப் பணத்துக்கு வாங்குங்கள். ஒரு சனிக்கிழமை ஹட்டனுக்கோ கண்டிக்கோ போய்க் கடையிலேயே நின்று வாசியுங்கள். ஒரு படக்கதைக்கு ஐந்து நிமிடம் போதும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். உங்கள் வகுப்பில் நடுத்தரமாக வாசிக்கிற ஒரு பிள்ளையை மனதில் வைத்து ஒரு பக்கத்தை எடுங்கள். அவளுக்குத் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் நீங்கள் வாசித்துக்காட்டுவதற்கு, மூலைக்கு அல்ல. வாங்கியவற்றில் எதைப் பிள்ளைகள் அடித்துப் பிடித்து எடுக்கிறார்கள் என்று ஒரு தவணை பார்த்துவிட்டு மீதிப் பணத்தைச் செலவழியுங்கள்.

கடைக்குப் போகுமுன் வலயக் கல்விக் காரியாலயத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். ரூம் டு ரீட் நிறுவனம் 2005 முதல் இலங்கையில் வேலை செய்கிறது, தமிழிலும் சிங்களத்திலும் நம் சூழலுக்கேற்ற சிறுவர் நூல்களைப் போட்டிருக்கிறது. இப்படி இலவசமாக வந்த நூல்கள் கட்டுப் பிரிக்காமல் பக்கத்துப் பாடசாலை அலுமாரியில் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், வருடக் கடைசியில் பொருட்கணக்கெடுப்பாம், கிழிந்தால் பொறுப்பாசிரியர் காசு கட்டவேண்டுமாம். கிழியாத சிறுவர் புத்தகம் என்றால் யாரும் தொடாத புத்தகம் என்பதை இந்த அதிகாரிகளுக்கு யார் சொல்வது? இருபத்தைந்து வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதனால்தான் உங்கள் நன்கொடைப் புத்தகங்களைப் பாடசாலை இருப்புப் பதிவேட்டில் ஏற்றும் முன், தேய்மானமாக இத்தனை கழிக்கலாம் என்று அதிபரிடம் பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மகளுக்கு எழுத்து அட்டை, சுவர்ப்படம், புலமைப்பரிசிலுக்கு இப்போதே தயார் செய்கிற செயல்நூல் எதுவும் வேண்டாம். நான்கு வயதுக்கு ஐந்தாறு புத்தகமே ஒரு வருடத்துக்குக் காணும், ஒன்றையே முப்பது தரம் கேட்பாள். அதில் குறைந்தது இரண்டு, எழுத்தே இல்லாத படக்கதையாக இருக்கட்டும். வீட்டில் எழுத்து வாசிக்காத பெரியவர் இருந்தால் அவரும் மடியில் வைத்துக் கதை சொல்லலாம், ஒவ்வொரு தரமும் வேறு கதை. பெங்களூரிலிருந்து பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. கதைகளை நான்கு வாசிப்பு நிலையாகப் பிரித்திருப்பார்கள், மகளுக்கு முதல் நிலையே போதும். அங்கே யாரும் மொழிபெயர்க்கலாம் என்பதால் முழுதும் வாசித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். வகுப்பில் நோட்டு, ஷூ என்று நான் தள்ளிய தமிழ் இங்கே பரவாயில்லை. வாசிப்பது நீங்கள்தானே, வாய்க்கு வரும்போது கொப்பி ஆக்கிவிடுங்கள்.

வகுப்புக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரு செலவில்லாத வேலை சொல்கிறேன். நாலு ஏ-ஃபோர் தாளை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் பதினாறு பக்கப் புத்தகம். கம்பி முனை வெளியே நிற்காமல் மேலே டேப் ஒட்டிவிடுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் ஒரு சம்பவம் கேட்டுவரட்டும்: அம்மா வேலைக்குப் போனபோது பிள்ளைமடுவத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள், காமன் கூத்தில் யார் ரதி வேஷம் கட்டினார்கள், எதுவானாலும். அதைப் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் பெரிய எழுத்தில் எழுதுங்கள், படத்தை அவளே வரையட்டும். எழுத்துப்பிழையை நீங்கள் திருத்தலாம், பேச்சைத் திருத்தாதீர்கள். 31 பிள்ளை என்றால் தவணை முடிவதற்குள் 31 புத்தகம். இவை அந்த நாற்பதோடு சேராது, அவை தனிக் கணக்கு.

அப்புறம் திங்கட்கிழமை. ஏஜென்ட் வரும்போது வாசலில் வைத்தே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பொலித்தீனைக் கிழித்து, பிடித்ததை மட்டும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாமா, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிய பற்றுச்சீட்டு தருவாரா என்று கேளுங்கள். சம்மதித்தால் அந்த மேல்வரிசைப் பத்துப் பன்னிரண்டையும் நின்று வாசித்துப் பாருங்கள், நல்லதாகவே இருக்கும். செட்டைப் பிரிக்க முடியாது என்றால் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பாவம், மலையேறி வந்தவர்.