குருணைக் கஞ்சி போட்ட பிறகு பசு தீனி எடுக்கவில்லை

கேள்வி: அண்ணே, பர்மாவில் பெகு பக்கத்தில் வயலும் இரண்டு கலப்பினப் பசுவும் வைத்திருக்கிறேன். அறுவடை முடிந்து குருணை மலிவாகக் கிடைத்தது. பால் கூடட்டும் என்று வேளைக்கு ஒன்றரை வீசை (சுமார் இரண்டரை கிலோ) வேகவைத்துப் போட்டேன். மூன்றாம் நாளே எட்டு லிட்டர் கறந்த பசு ஐந்துக்கு இறங்கிவிட்டது. சாணி தண்ணீராக, நுரையோடு, புளித்த வாடையுடன் போகிறது. வைக்கோலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. டீக்கடைக்காரர் பாலில் தண்ணீர் இருக்கிறது என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, டீக்கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் தண்ணீர் கலக்காமலேயே பால் அப்படி ஆகும். பாலில் கொழுப்பு வருவதே பெரும்பாலும் நார்த்தீனி வயிற்றில் நொதிப்பதால்தான், நீங்களோ நாரைக் குறைத்து மாவை ஏற்றிவிட்டீர்கள்.

நடந்தது இதுதான். மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய புளிப்புப் பானை மாதிரி, அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து வைக்கோலையும் புல்லையும் சிதைத்து மாட்டுக்குச் சத்தாக மாற்றுகின்றன. குருணையை, அதுவும் வேகவைத்து, திடீரென்று கொட்டினால் அது மளமளவென்று நொதித்து அமிலம் ஏறிவிடும். நாரைத் தின்னும் நுண்ணுயிர்கள் அமிலத்தில் செத்துப்போகும். அசை போட்டால் எச்சில் ஊறும், எச்சிலில் உள்ள சோடா அந்த அமிலத்தை அடக்கும், ஆனால் கஞ்சியை அசை போட வேண்டியதில்லையே, அப்புறம் எச்சில் எங்கிருந்து வரும்?

இன்றே கஞ்சியை அடியோடு நிறுத்துங்கள். நறுக்காத, பூசணம் இல்லாத வைக்கோலும் நல்ல தண்ணீரும் மட்டும் முன்னால் இருக்கட்டும். 100 கிராம் சமையல் சோடாவைக் கொஞ்சம் தவிட்டில் பிசைந்து வையுங்கள், தின்றால் சரி. தின்னாவிட்டால் வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போனால் மாடு போய்விடும். இடப்பக்க விலாப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஒரு தடவையாவது வயிறு புரள்வது தெரிய வேண்டும். புரளவே இல்லை, அல்லது மாடு படுத்து எழாமல் கண் உள்ளே போயிருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திராமல் மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். சில வாரங்களில் நொண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள், இந்த அமிலம் குளம்பையும் பிடிக்கும்.

சாணி கெட்டிப்பட்டு, மாடு படுத்து அசை போடத் தொடங்கிய பிறகு அடர்தீவனத்தை (தவிடு, புண்ணாக்கு, தானியக் கலவை) கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முழு அளவுக்கு வர 10 முதல் 14 நாள் ஆகட்டும். கணக்கு: பசும்புல் நன்றாகக் கிடைத்தால் இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ. எட்டு லிட்டருக்கு 3 கிலோ சொச்சம், நம் கணக்கில் இரண்டு வீசை, அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. (தமிழ்நாட்டுப் பழைய புத்தகம் பார்த்துப் போடுபவர்கள் கவனிக்க: அங்கே வீசை 1.4 கிலோ, இங்கே 1.63.)

100 கிலோ கலவைக்குத் தவிடு 40, கடலை அல்லது எள்ளுப் புண்ணாக்கு 25, குருணை 20, உளுத்தம் பொட்டு 12, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. குருணை கெட்டதல்ல தம்பி, அளவும் வேகமும்தான் தப்பு. மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கை மட்டும் முகர்ந்து பார்த்து வாங்குங்கள், பூசணம் பிடித்ததில் உள்ள நஞ்சு பாலிலும் இறங்கும்.

வைக்கோலை மட்டும் நம்பினால் பால் கிடைக்காது, அதில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான். நெல்லுக்குப் பின் உளுந்து போடுகிறீர்கள் அல்லவா, அடித்த கொடியை வயலிலேயே கொளுத்தாமல் போர் போட்டு வையுங்கள், வைக்கோலைவிட நல்ல தீனி. புல் காயும் மாசி பங்குனிக்கு 100 கிலோ வைக்கோலில், 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்கலாம். எடுத்ததும் போடாமல் நெடி போகும்வரை உலர்த்த வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடவே கூடாது, கரைக்கும் யூரியாத் தண்ணீரை மாடு எட்டிக் குடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டாவது பசுவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. அதற்கும் அதே கஞ்சிதான் போயிருக்கும். இன்றைக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதற்கும் நிறுத்திவிட்டு, சாணியைப் பாருங்கள்.